அலுமாரி வாங்குமுன் அயலைக் கேளுங்கள்

கேள்வி: ஆசிரியர் இடமாற்றம் பெற்று, பண்டாரவளையிலிருந்து கணவருடனும் நான்கு வயது மகளுடனும் மட்டக்களப்பு கல்லடிக்கு வந்திருக்கிறேன். புரட்டாதியில்தான் இந்த வாடகை வீட்டில் பால் காய்ச்சினோம். பாத்திரங்களும் ஒரு கட்டிலும் தவிர வேறெதுவும் இல்லை. தளபாடங்களுக்காக இரண்டு லட்சம் ரூபா ஒதுக்கியிருக்கிறோம். ஒரு கடையில் முழு வீட்டுக்கும் தேவையானதைத் தவணைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். எதை முதலில் வாங்குவது? இன்னொன்று, இந்த ஒழுங்கையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவினர் போலத் தெரிகிறார்கள். நாங்களாகப் போய்ப் பேசத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றாகவே தெரிகின்றன. இந்த மாவட்டத்து வீடுகளுக்குப் பல வருடங்களாகத் தளபாடம் செய்து கொடுத்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அயலவரோடு பேசாமல் கல்லடியில் ஓர் அலுமாரிகூட வாங்காதீர்கள்.

நீங்கள் இருப்பது வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் பிடித்தால் தை வரை விடாது, மார்கழியில்தான் கடுமை. மலைநாட்டில் மழைத்தண்ணீர் சரிவில் ஓடிப் போய்விடும். இங்கே அது நிற்கும். வாவி நிறைந்து, முகத்துவாரத்தின் மணல்திட்டை வெட்டிக் கடலுக்கு வழிவிடும் வரை சில வளவுகளில் தண்ணீர் வடியாது. அதே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி ஒரு துளியும் ஏறியிருக்காது. இந்த வித்தியாசம் கடைக்காரருக்குத் தெரியாது. வீட்டுக்காரர் சொல்வார் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்து வீட்டு அம்மம்மாவுக்குத் தெரியும். "2011 ஜனவரி வெள்ளத்தில் இந்த வளவுக்குள் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். சுவரில் கைவைத்தே காட்டுவார். அந்த அடையாளத்துக்குக் கீழே எந்தப் பொருள் நிற்கப் போகிறதோ, அதை யோசித்து வாங்க வேண்டும்.

மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் வரும் அலுமாரிகள் கண்ணுக்கு அழகு, விலையும் குறைவு. தவணைக்குத் தரும் முழு செட்டுகளில் பெரும்பாலும் இவைதான் இருக்கும். அடிப்பலகை ஒருமுறை நனைந்து ஊதிவிட்டால் பிறகு எந்த ஓடாவியாலும் (தச்சராலும்) அதைத் திருத்த முடியாது. இரும்பு அலுமாரி தண்ணீரைத் தாங்கும், ஆனால் கடற்காற்றின் உப்பு அதன் காலையும் கீழ் விளிம்பையும் முதலில் தின்னும். இரும்பில் வாங்குவதானால் நான்கு மூலையிலும் கல் வைத்து உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். என் விருப்பத்தைக் கேட்டால், உயரமான கால் வைத்த ஒரே ஒரு மர அலுமாரி போதும். தேக்கும் முதிரையும் நீண்ட காலம் உழைக்கும். உங்கள் தொகையில் பெரும்பங்கையும் அவை எடுத்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த வேம்பில் செய்தாலும் குறையில்லை.

"நன்றாகக் காய்ந்த" என்று சொன்னதைக் கவனியுங்கள். மழைக்காலத்தில் அவசரப்படுத்திச் செய்விக்கும் மரச்சாமான், ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது தன் குணத்தைக் காட்டும். அந்த வரண்ட மேல்காற்றுக்கு ஈரமரம் சுருங்கும், பொருத்துக்கள் விலகும், கதவு கோணும். ஆகவே மர அலுமாரிக்கு இப்போது சொல்லிவைக்க வேண்டாம். தை பிறந்து, மழை ஓய்ந்து, உங்கள் வீடு எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவர் ஈரம் உறிஞ்சுகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு செய்வியுங்கள். எந்த ஓடாவி காய்ந்த மரம் வைத்திருக்கிறார், யார் சொன்ன நாளில் கொண்டுவந்து தருகிறார் என்பதும் அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். அதையும் அயல்தான் சொல்லும்.

அதுவரை என்ன செய்வது? இந்த வாரமே வாங்க வேண்டியவை நுளம்பு வலையும் மின்விசிறிகளும். சிறுபிள்ளை இருக்கும் வீட்டில் இவை எல்லாவற்றுக்கும் முந்தியவை. மழையோடு டெங்கு நுளம்பும் பெருகும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, அதனால் மகள் பகலில் தூங்கும்போதும் வலை வேண்டும். வளவில் கிடக்கும் சிரட்டை, பழைய டயர் எல்லாவற்றையும் மழைக்கு முன்பே அகற்றிவிடுங்கள். உடுப்புகளை இப்போதைக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் வைக்கலாம். கட்டிலைக் கடல் பக்க ஜன்னலோடு போடுங்கள். கச்சான் காலத்துப் பிற்பகல்களில் கடற்காற்றுத்தான் ஆறுதல். மேற்கு ஜன்னலுக்குத் தடித்த துணியில் திரை வேண்டும். கல்முனைக்கு வடக்கே மருதமுனையின் கைத்தறித் துணிகள் இதற்கென்றே நெய்ததுபோல் இருக்கும், படுக்கை விரிப்பும் அங்கேயே எடுக்கலாம். விருந்தினர் வந்தால் விரிக்க இரண்டு பன்பாய்கள். பாயை நிலத்தில் விட்டுவைக்காமல் சுருட்டி உயரத்தில் வையுங்கள், கறையான் காத்திருக்கும்.

பிறகு பிளாஸ்டிக் கதிரைகள். சோபா வாங்க வேண்டிய பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து எட்டோ பத்தோ எடுங்கள். அடிப்பக்கத்தில் உங்கள் பெயரின் முதலெழுத்தை அழியாத மையால் எழுதிவிடுங்கள். சாமத்திய வீடு, கோயில் அன்னதானம், செத்த வீடு என்று ஒழுங்கையில் எது நடந்தாலும் கதிரை கேட்டு வருவார்கள். கதிரை கேட்டு ஆள் வந்துவிட்டால் உங்களை அயலாக ஏற்றுக்கொண்டார்கள் என்று மகிழுங்கள்.

இனி அந்தத் தயக்கம். எல்லோரும் உறவினர் போலத் தெரிகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் அவர்கள் உறவினர்களேதான். மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீட்டைப் பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுப்பதும், கல்யாணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண்வீட்டுப் பக்கம் வந்து இருப்பதும் வழக்கம். தாயின் வளவைப் பிரித்து மகள்மாருக்கு வீடு கட்டுவார்கள். அதனால் ஓர் ஒழுங்கை முழுவதும் அக்கா, தங்கை, பெரியம்மா, சின்னம்மா வீடுகளாக இருக்கும். புதியவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. பத்து வீட்டுக்கும் தனித்தனியாக அறிமுகம் ஆக வேண்டியதில்லை. அந்த வரிசையின் மூத்த பெண்மணியைக் கண்டுபிடித்து அவரிடம் முதலில் போங்கள். மறுநாள் காலையில் உங்கள் ஊர், வேலை, மகளின் பெயர் எல்லாம் ஒழுங்கைக்கே தெரிந்திருக்கும்.

பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடப்பில் (வளவு வாசலில்) நின்று "அம்மா" என்றோ "அக்கா" என்றோ கூப்பிட்டு, அவர்கள் வந்த பின் உள்ளே செல்லுங்கள். முஸ்லிம் வீடானால் "ராத்தா" என்று அழைப்பதில் நெருக்கம் உண்டு. மஃரிப் தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். வெற்றிலை வட்டாவை முன்னே வைத்தால், போடும் பழக்கம் இல்லாவிட்டாலும் ஒரு வெற்றிலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர், யார் பிள்ளை, சொந்தம் யாரும் இங்கே உண்டா என்று நிறையக் கேட்பார்கள். துருவிப் பார்ப்பதாக நினைக்க வேண்டாம். உங்களை எந்த முறை சொல்லி அழைப்பது என்பதற்கு வழி தேடுகிறார்கள்.

கையில் கொண்டுபோக ஒரு சட்டி எருமைத் தயிரும் ஒரு சீப்பு வாழைப்பழமும் போதும். வீட்டில் பொங்கிச் சாமிக்குப் படைத்ததை முஸ்லிம் வீட்டுக்கும் சில கிறிஸ்தவ வீடுகளுக்கும் கொடுப்பது அவர்களைச் சங்கடப்படுத்தலாம், தயிரிலும் பழத்திலும் அந்தச் சிக்கல் இல்லை. அங்கிருந்து நோன்புக் கஞ்சியோ வட்டிலப்பமோ உங்கள் வீட்டுக்கு வந்தால் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பாதீர்கள்.

கல்யாணத்துக்கு அழைத்தால் போகலாம். சாவு நடந்த வீட்டுக்கு அழைப்பே வராது, நீங்களாகப் போக வேண்டும். அந்த வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் ஒரு நேரச் சாப்பாட்டைச் சமைத்துக் கொடுப்பது இங்கே மிகப் பெரிதாக மதிக்கப்படும். வைகாசியில் அருகிலுள்ள கண்ணகி அம்மன் கோயிலில் சடங்கு நடக்கும்போது, அதன் முடிவில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திக்குப் போய் நில்லுங்கள். வருடம் முழுவதும் பேச்சுக்கொடுக்காத முகங்களும் அன்று உங்களோடு பேசும்.

தவணைக் கடைக்கு இப்போதைக்கு மறுமொழி சொல்ல வேண்டாம். மாதக் கட்டணத்தை மாதங்களால் பெருக்கி, அதே பொருளின் ரொக்க விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், போதும். ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: கிராம உத்தியோகத்தரிடம் சென்று குடிவந்ததைப் பதியுங்கள். மகளின் பாடசாலை அனுமதிக்கு வதிவிட அத்தாட்சி தேவைப்படும், வெள்ள நிவாரணப் பட்டியலிலும் அவர் அறிந்த குடும்பம்தான் சேரும். அவருடைய அலுவலகம் எங்கே, எந்த நாட்களில் இருப்பார் என்பதை அந்த மூத்த அம்மாவிடமே கேளுங்கள்.