கேள்வி – பதில்: ஸ்பிரிங்பேங்கின் மூன்று வாலைகள்

கேள்வி: ஸ்காட்லாந்தின் ஸ்பிரிங்பேங்க் விஸ்கியை 'இரண்டரை முறை' வடிக்கிறார்களாமே, அதென்ன அரை?

பதில்: அது தோராயக் கணக்குதான். கேம்பெல்டவுனில் 1828-இல் தொடங்கிய இந்த ஆலையில் வாலைகள், அதாவது காய்ச்சி வடிக்கும் கலங்கள், மூன்று. நொதித்த பார்லிக் கரைசலான வாஷ் முதல் வாலையில் காய்ச்சப்பட்டு, 'லோ வைன்ஸ்' என்ற வீரியம் குறைந்த வடிசல் ஆகிறது. அதில் பெரும்பகுதியை இரண்டாவதில் மீண்டும் வடித்து, ஒதுக்கி வைத்த மிச்சத்தோடு சேர்த்து மூன்றாவதில் ஏற்றுகிறார்கள். ஆக, ஒரு பங்கு இரண்டு முறையும் மற்றது மூன்று முறையும் வாலை ஏறுகிறது. இதே வாலைகளில்தான் இந்த ஆலையின் மற்ற விஸ்கிகளான ஹேசல்பர்ன் முழுதாக மூன்று முறையும், புகைமணம் தூக்கலான லாங்ரோ இரண்டு முறையும் வடிகின்றன.

கேள்வி: முதல் வாலைக்கு அடியில் நேரடித் தீ. அடிப்பிடிக்காதா?

பதில்: விட்டால் கட்டாயம் பிடிக்கும். வாஷை வடிகட்டுவதில்லை, ஈஸ்ட்டும் புரதமும் அடியில் படிந்து கருகினால் அந்தத் தீய்ந்த வாடை ஆவியோடு ஏறிவிடும். அதைத் தடுக்கத்தான் உள்ளே 'ரம்மேஜர்' சுற்றுகிறது. நடுத்தண்டிலிருந்து வரும் கைகளில் செம்புச் சங்கிலி வலை தொங்கும். அது அடித்தகட்டை உரசி, படிவதைச் சுரண்டிக்கொண்டே போகும். கூடவே தகடும் தேயும், ஆகவே அடிப்பகுதியைத் தடிமனாகச் செய்வார்கள். இந்தத் தேய்மானத்தால் ஒரு லாபமும் உண்டு: புதிதாக வெளிப்படும் செம்பு கந்தக வாடையைப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்பிரிங்பேங்கில் எண்ணெய்த் தீயோடு நீராவிச் சுருளும் இருக்கிறது. பல ஆலைகள் தீயை அடியோடு விட்டுவிட்டு நீராவிக்கு மாறிவிட்டன; சூட்டைச் சீராக வைப்பது அதில் எளிது. ஆனால் கொதிக்கும் தகட்டில் வாஷ் லேசாக வறுபடுவதால் வரும் கனத்த ருசி தீயில்தான் கிடைக்கிறது. அதற்காகவே இந்தப் பழைய ஏற்பாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: வடிசல் ஓடும் கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டு ஏன்?

பதில்: வரிக்காக. 'ஸ்பிரிட் சேஃப்' எனப்படும் இது 1820-களில் ஸ்காட்லாந்து ஆலைகளுக்கு வந்தது. வரி கட்டாத சாராயத்தை யாரும் தொடக்கூடாது. எனவே வடிப்பவர் வெளியிலிருந்தே கைப்பிடிகளைத் திருப்பி, உள்ளிருக்கும், சாராயத்தின் வீரியத்தை அளக்கும் ஹைட்ரோமீட்டரையும் தெர்மாமீட்டரையும் பார்த்து முடிவெடுக்கிறார். கடைசி வாலையில் தொடக்கத்தில் வரும் வடிசலில் தண்ணீர் சேர்த்தால் கலங்கும். முந்தைய வடிப்பில் குழாயில் ஒட்டிய எண்ணெய்ப்பசையை அது கழுவிக்கொண்டு வருகிறது. கலங்காமல் தெளிவாக நின்றால் விஸ்கிக்கு உரிய நடு வடிசலைப் பிடிக்கலாம். முடிவில் திருப்பத் தாமதித்தால் கடை வடிசல் புகுந்து, ஈரத்தோல் நாற்றம் சேர்ந்துவிடும்.