கதவை விடுங்க, கீழே பாருங்க

கேள்வி: எங்கள் வீட்டு ஃப்ரண்ட் லோடு மெஷின் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. ஞாயிறு ராத்திரி துணி போட்டேன், காலையில் பார்த்தால் கதவு திறக்க மாட்டேன் என்கிறது. பையனின் யூனிஃபார்ம் இரண்டு செட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது. பிளக்கைப் பிடுங்கி மாட்டியாயிற்று, எல்லா பட்டனையும் அமுக்கியாயிற்று. வீட்டுக்காரர் திருப்புளியோடு நிற்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: முதலில் அவரிடமிருந்து திருப்புளியை வாங்கி அலமாரியில் வையுங்கள். கைப்பிடி உடைந்த மெஷின்கள் நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், தானாக உடைந்தது ரொம்பக் குறைவு, யாரோ அவசரத்தில் நெம்பி உடைத்ததுதான் அதிகம்.

அந்தக் கதவு ஏன் பூட்டிக்கொள்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கைப்பிடிக்கு நேரே, தகட்டுக்குப் பின்னால், கைக்கு அடக்கமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது, அதுதான் டோர் லாக். நிறைய மாடல்களில் அதற்குள் சூடாகிற ஒரு சின்ன வில்லையும், சூடு பட்டால் வளைகிற ஓர் உலோகப் பட்டையும் இருக்கும். மெஷின் ஓட ஆரம்பித்ததும் வில்லை சூடாகி, பட்டை வளைந்து, ஒரு முளையைத் தள்ளி, கதவின் கொக்கியை நகர விடாமல் பிடித்துக்கொள்ளும். துவைத்து முடித்த பிறகும் அது ஆறுவதற்கு ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், அப்புறம்தான் அந்த 'டக்' சத்தம். அதற்குள் இழுத்துப் பார்த்துவிட்டு ரிப்பேர் என்று போன் செய்கிறவர்கள் உண்டு. நீங்கள் ராத்திரி முழுக்க விட்டிருக்கிறீர்கள், ஆகவே உங்கள் விஷயம் அதுவல்ல.

டிரம்முக்குள் தண்ணீர் நிற்கிறது என்று மெஷின் நினைத்தால், பூட்டை விடுவிக்காது. கதவு சரியாகத்தான் இருக்கிறது, தண்ணீர் வெளியே போகவில்லை. திறக்காத கதவு பெரும்பாலும் இந்தக் கதைதான். கண்ணாடி வழியே தண்ணீர் தெரியவில்லையே என்று கேட்பீர்கள், கண்ணாடியின் அடி விளிம்புக்குக் கீழேயும் கணிசமான தண்ணீர் நிற்கும், வெளியிலிருந்து தெரியாது. துணி பிழியாமல் சொதசொதவென்று கிடந்தால் அதுவே சாட்சி. திரையில் ஏதாவது எழுத்து வந்ததா என்றும் பாருங்கள். எல்ஜி மெஷினில் 'ஓஇ' என்றால் தண்ணீர் வெளியேறவில்லை, 'டிஇ' என்றால் கதவுப் பிரச்சினை. 'சிஎல்' என்று வந்தால் சைல்டு லாக், அது பட்டன்களைத்தான் பூட்டும், பேனலில் பூட்டுப் படம் போட்ட பட்டனை மூன்று விநாடி அமுக்கிப் பிடித்தால் போய்விடும்.

சரி, இப்போது ஸ்பின் மட்டும் ஓடுகிற புரோகிராமை வைத்து ஸ்டார்ட் பண்ணி, கீழே காதை வைத்துக் கேளுங்கள். 'ஹூம்ம்' என்று பம்ப் முனகுகிறது, தண்ணீர் மட்டும் போகவில்லை என்றால் அடைப்பு. சத்தமே இல்லை என்றால் பம்பே போயிருக்கலாம். இதற்கு நடுவில் மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள், டிரெயின் ஹோஸ் சுவரோடு நசுங்கி மடங்கியிருக்கிறதா என்று. வீடு துடைக்க மெஷினை நகர்த்திவிட்டு மறுபடி தள்ளும்போது இது அடிக்கடி நடக்கும்.

அடைப்பு என்றால் ஃபில்டர். பிளக்கைக் கழற்றி, குழாயை மூடிவிட்டு உட்காருங்கள். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறட்டும், அவசரப்பட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். முன்பக்கம் கீழ் மூலையில் சின்ன மூடி இருக்கும், ஒரு நாணயத்தை விட்டு நெம்பினால் திறந்துகொள்ளும் (திருப்புளி வேண்டாம் என்றேனே). உள்ளே விரல் தடிமனில் ஒரு குட்டி ஹோஸ், நுனியில் அடைப்பான். விளிம்பு வைத்த தாம்பாளம் ஒன்றைக் கீழே வைத்து, அடைப்பானை எடுத்து விடுங்கள். தாம்பாளம் ஐந்தாறு தடவையாவது நிரம்பும், ஒவ்வொரு தடவையும் அடைப்பானைப் போட்டுவிட்டுக் கொட்டிவிட்டு வர வேண்டும், சலிப்பான வேலைதான், பையனையே கூப்பிட்டுக்கொள்ளுங்கள், யூனிஃபார்ம் அவனுடையதுதானே. குட்டி ஹோஸ் இல்லாத மாடலில் ஃபில்டரையே மெல்ல மெல்லத் தளர்த்திக் கசிய விட வேண்டியதுதான், ஒரேயடியாகத் திருகினால் ஹால் வரைக்கும் வெள்ளம்.

தண்ணீர் நின்றதும் ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகி இழுங்கள். நாறும், மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹேர்பின், ரவிக்கை ஹூக்கு, சில்லறை, கைக்குழந்தையின் சாக்ஸ், ஒரு பந்து முடி, எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரு வீட்டில் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்த தாலிக் குண்டு ஒன்று சோப்புக் கசடு பூசிக்கொண்டு ஃபில்டரில் உட்கார்ந்திருந்தது, அன்றைக்கு எனக்குக் காபியோடு கேசரியும் கிடைத்தது. ஃபில்டர் இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பம்பின் குட்டி விசிறி தெரியும், விரலால் சுற்றினால் விட்டு விட்டுச் சுற்ற வேண்டும், நூல் சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஃபில்டரை இறுக்கி மாட்டி, மறுபடி ஸ்பின் போட்டால் பெரும்பாலும் கதவு திறந்துவிடும். தண்ணீர் சுத்தமாகப் போன பிறகும் அடம் பிடித்தால், சந்தேகம் தண்ணீர் மட்டத்தை உணர்கிற மெல்லிய டியூப் மேல் போக வேண்டும். கையால் துவைக்கிற பவுடரை ஃப்ரண்ட் லோடில் போடும் பழக்கம் இருந்தால், நுரை கிளம்பி, கசடு சேர்ந்து அந்த டியூபை அடைத்துவிடும், மெஷினும் வெறும் டிரம்மைத் தண்ணீர் நிறைந்த டிரம் என்று நம்பிக்கொண்டிருக்கும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

இன்றைக்கே யூனிஃபார்ம் வேண்டும் என்றால், சில மாடல்களில் அதே ஃபில்டர் மூடிக்குள் ஆரஞ்சு நிறத்திலோ வேறு பளிச்சென்ற நிறத்திலோ ஒரு சின்னப் பட்டை தொங்கும். கீழ்நோக்கி இழுத்தால் பூட்டு விடும். தண்ணீரை வடித்த பிறகுதான் இழுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: துவைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால் கதவு மணிக்கணக்கில் பூட்டியே கிடக்கிறது. இன்வெர்ட்டரில் போட்டுத் திறக்கலாமா?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: வேண்டாம். தண்ணீர் சூடாக்குகிற ஹீட்டர் மட்டும் சுமார் 2000 வாட் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. நான் மேலே சொன்ன, சூட்டில் வளைகிற பட்டை வைத்த பூட்டு என்றால் கரண்ட் போன சில நிமிடங்களில் தானாகவே விட்டுவிடும், உள்ளே தண்ணீர் இருப்பதை மறந்து திறந்தால் கால் நனையும். உங்களுடையது மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால் அது மின்காந்தம் ஒரு தட்டு தட்டினால் பூட்டுகிற வகை, கரண்ட் வந்து இன்னொரு தட்டு தட்டினால்தான் விடும். கரண்ட் வந்ததும் நிறைய மெஷின்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும், காத்திருங்கள். காத்திருக்க முடியாது என்றால் தாம்பாள வைத்தியம்தான், அப்புறம் ஃபில்டர் மூடிக்குள் தொங்கும் அந்தப் பளிச்சென்ற பட்டை.

கேள்வி: கதவு திறக்கவில்லை என்று வந்த மெக்கானிக், 'போர்டு போச்சு சார், மாத்தணும்' என்கிறார். நம்பலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: சூட்டில் வளைகிற பட்டை வைத்த பூட்டு என்றால் ஒரு சோதனை நீங்களே செய்யலாம். உள்ளே தண்ணீர் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பிளக்கைப் பிடுங்கி பத்து நிமிடம் விடுங்கள். கதவு திறந்து, பிளக் மாட்டி மெஷினை ஆன் செய்து கதவைச் சாத்தியதுமே, ஸ்டார்ட் அமுக்காமலே பூட்டிக்கொண்டால், பூட்டுக்கு எப்போதும் கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது, அதை அனுப்புவது மெஷினுக்கு மூளை மாதிரியான அந்த போர்டுதான், அவர் சொல்வது சரியாக இருக்கலாம். அப்போதும் முழுப் போர்டு மாற்றாமல் அதிலிருக்கும் ஒரு சின்னப் பாகத்தை மட்டும் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், விசாரியுங்கள். பத்து நிமிடம் கழித்தும் திறக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பூட்டையும் கைப்பிடிக் கொக்கியையும், இரண்டும் போர்டைவிட ரொம்ப மலிவு. மெக்கானிக் மேல்மூடியைக் கழற்றி, மேலிருந்து கையை விட்டுப் பூட்டைத் தள்ளித் திறப்பார். அப்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கழற்றிய பழைய பூட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள், அதில் பாக நம்பர் அச்சிட்டிருக்கும், அடுத்த தடவை கடையில் நீட்டினால் போதும்.