தாத்தா துரோகியா?

கேள்வி: அக்கா, நான் வியாசர்பாடி, காலேஜ் மூணாவது வருஷம். ஆகஸ்ட் 15-க்கு எங்க ஏரியா பசங்க பட்டிமன்றம் வைக்கிறாங்க, தலைப்பு 'வெள்ளைக்காரன் ஆட்சியே தொடர்ந்திருக்கலாமா'. சீட்டு குலுக்கி போட்டதுல எனக்கு வந்தது 'தொடர்ந்திருக்கலாம்' அணி. தாத்தாவுக்கு செம குஷி. அவரு 1942-ல பொறந்தவரு, ஹார்பர்ல மூட்டை தூக்குனவரு, டிவில நியூஸ் ஓடுனாலே 'வெள்ளக்காரன் இருந்திருந்தா நாடு இப்டி நாறுமா'ன்னு ஆரம்பிச்சுடுவாரு. நைனா யூனியன்காரரு. 'துரோகி மாதிரி பேசாத'ன்னு தாத்தா மேல கத்திட்டாரு, இப்ப என்கிட்டயும் பேசறதில்ல. தாத்தாவோட அப்பா புளியந்தோப்புல இருந்து பின்னி மில்லுக்கு வேலைக்கு போனவராம். எனக்கு ரெண்டே கேள்வி: எங்க தாத்தா துரோகியா? பொய் சொல்லாம இந்த அணில எப்டி பேசறது? பேரு போடாதீங்க.

பதில்: பேரு போடல தங்கச்சி. ரெண்டாவது கேள்விய மொதல்ல எடுத்துக்கறேன், அது தான் ஈஸி, தாத்தா மேட்டர் கொஞ்சம் ஆழம்.

மேடை ஏறுனதும் எல்லாரும் ரயிலு போட்டான், பாலம் கட்டுனான், இங்கிலீஷ் சொல்லிக்குடுத்தான்னு தான் ஆரம்பிப்பாங்க. நீ அதை தொடாத. அது தோக்கற பாயிண்ட்டு. நம்ம ராயபுரம் ஸ்டேஷன்ல இருந்து 1856-ல மொத வண்டி கெளம்புச்சு, உண்மை தான், ஆனா அந்த கம்பெனிங்களுக்கு லாபம் வந்தாலும் வரலன்னாலும் போட்ட பணத்துக்கு 5 பர்சென்ட் வட்டி கேரண்டி, அது போறது இந்த ஊரு ஜனம் கட்டுன வரிப்பணத்துல இருந்து. 1876-78 தாது வருஷ பஞ்சத்துல லட்சக்கணக்குல ஜனங்க செத்துட்டு இருந்தப்போ நாட்டுல இருந்து தானியம் கப்பலேறிட்டு தான் இருந்துச்சு, அந்த தானியத்த துறைமுகத்துக்கு இழுத்துட்டு போனதும் அதே ரயிலு தான். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும்னு ரிச்சர்ட் டெம்பிள்னு ஒரு தொரை ரூல் போட்டாரு, ஒரு பவுண்டுன்னா அரை கிலோ கூட இல்ல, அத தின்னுட்டு நாள் பூரா மண்ணு வெட்டணும். உங்க வீட்டாண்ட நாறிக்கினு ஓடுதே பக்கிங்ஹாம் கால்வாய், அதுல கூவத்துக்கும் அடையாறுக்கும் நடுவுல இருக்கிற துண்டு அந்த பஞ்சத்துல கூலிக்கு வந்த ஜனங்க தோண்டுனது, பேரு மட்டும் கவர்னரு பேரு. நீ ரயிலுன்னு வாய தெறந்தா எதிரணில எவனாவது இத எடுத்து வுட்டான்னா அங்கயே உன் கதை முடிஞ்சுது.

அப்ப எத பேசறது? வெள்ளக்காரன் நல்லவன்னு பேசாத. நெசமாவே அந்த ஆட்சி வேணும்னு சொன்ன நம்மாளுங்க ஏன் சொன்னாங்கன்னு பேசு. அவங்கள்ல முக்கால்வாசி பேரு வெள்ளக்காரன் மேல ஆசப்பட்டு சொல்லல, பக்கத்துல இருக்கிற எஜமான் மேல பயந்து சொன்னாங்க. இந்த ஒரு விஷயத்த கெட்டியா புடிச்சுக்க, உன் மொத்த பேச்சும் இதுக்குள்ள அடங்கிடும்.

1893-னு ஒரு வருஷம் குறிச்சுக்க. கலெக்டர் பரீட்சை அப்பல்லாம் லண்டன்ல மட்டும் தான், இந்தியாவுலயும் அதே நேரத்துல வைக்கணும்னு காங்கிரஸ்காரங்க கேட்டாங்க. கேக்கறதுக்கு எவ்ளோ ஞாயமா இருக்கு பாரு. அத எதுத்து நம்ம மெட்ராஸ்ல கூட்டம் போட்டவரு ரெட்டமலை சீனிவாசன், அதே வருஷம் 'பறையன்'னு பத்திரிகை ஆரம்பிச்சவரு. 3412 பேரு கையெழுத்து போட்ட மனு, ஒட்டி ஒட்டி 112 அடி நீளம், அத லண்டன் பார்லிமென்ட்டுக்கு அனுப்புனாரு. 112 அடி எவ்ளோன்னு புரியணும்னா உங்க தெருவுல ஒரு மொனைல நின்னு கயித்த புடிச்சு பாரு. அவரு கணக்கு சிம்பிள்: பரீட்சை இங்க வச்சா படிச்சு பாஸ் பண்றது யாரு, ஏற்கனவே ஊரையும் கெணத்தையும் கோயிலையும் கையில வச்சிருக்கிற மேல்சாதிக்காரன், அவனே கலெக்டராவும் வந்து உக்காந்தா நாங்க மனு எழுதி யாருகிட்ட குடுக்கறது? லண்டன்ல இருந்து வர்றவன் எங்களுக்கு சொந்தக்காரன் இல்ல தான், ஆனா அவனுக்கும் சொந்தக்காரன் இல்லல்ல. இப்ப சொல்லு, இதுல துரோகம் எங்க இருக்கு?

சாதிய எதுத்த தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரும் 1907-ல இருந்து தன்னோட பத்திரிகைல கிட்டத்தட்ட இதே வழில தான் எழுதுனாரு, சுதேசி கூட்டத்த பாத்து மொதல்ல உங்க சாதிய வுடுங்க அப்புறம் சுயராஜ்யம் பேசலாம்ன்ற மாதிரி. அப்புறம் நம்ம வண்ணாரப்பேட்டைக்கு வா. தியாகராயா காலேஜ் வாசல்ல நின்னு பஸ்ஸுக்கு காத்திருக்கியே, அந்த சர் பிட்டி தியாகராயர், டி.எம். நாயர், நடேசனார் மூணு பேரும் சேர்ந்து 1916-ல ஆரம்பிச்சது தான் ஜஸ்டிஸ் கட்சி. அதே வருஷம் டிசம்பர்ல வந்த பிராமணர் அல்லாதார் அறிக்கைல ஹோம் ரூல், அதாவது சுயாட்சி, வேணாம்னே எழுதுனாங்க, இப்போதைக்கு சாதிக்கும் மதத்துக்கும் நடுவுல தராச நேரா புடிக்கறதுக்கு வெள்ளக்காரன வுட்டா ஆளில்லன்னு. வெறும் பேச்சோட நிக்காம 1920-ல ஆட்சிக்கு வந்து, 21-ல பொம்பளைங்களுக்கு ஓட்டு, வேலைல வகுப்புவாரி பங்குன்னு ஆணை, இப்டி காரியமும் பண்ணாங்க. (தியாகராயர மொதலமைச்சரா கூப்ட்டாங்க, அவரு வேணாம்னுட்டாரு. இந்த காலத்துல எவனாவது சொல்வானா!)

நம்ம ஊருல மட்டும் தான் இப்டின்னு நெனச்சுக்காத. அமெரிக்காவுல 1776-ல சுதந்திரம்னு கெளம்புனப்போ ராஜா பக்கமே நின்னவங்களுக்கு லாயலிஸ்ட்டுன்னு பேரு. பாஸ்டன்ல மேதர் பைல்ஸ்னு ஒரு பாதிரியார், '3000 மைல் தள்ளி இருக்கிற ஒரு கொடுங்கோலன் மேலா, ஒரு மைல் தள்ளி இருக்கிற 3000 கொடுங்கோலன் மேலா'ன்னு கேட்டதா சொல்லுவாங்க. சீனிவாசன் மனுவும் இதும் ஒரே வயித்துல பொறந்த மாதிரி இல்ல? 1775-ல வர்ஜீனியா கவர்னர் டன்மோர், கலகக்காரங்ககிட்ட இருக்கிற அடிமைங்க எங்க படைல வந்து சேர்ந்தா விடுதலைன்னு அறிவிச்சதும் கறுப்பு ஜனங்க கூட்டம் கூட்டமா ஓடிப்போய் சேர்ந்தாங்க, அவங்களுக்கு சுதந்திரம் ராஜா பக்கத்துல இருந்துச்சு, எதிர்ல சுதந்திரம் சுதந்திரம்னு கத்துனவன் வீட்ல தான் இவங்க அடிமை. இத சொன்னா கூட்டம் ஒரு நிமிஷம் கப்சிப்னு ஆயிடும் பாரு. (அந்த சண்டைல 1781-ல யார்க்டவுன்ல சரண்டரான கார்ன்வாலிஸ் தான் அப்புறம் இங்க கவர்னர் ஜெனரலா வந்து திப்புவோட மோதுனாரு. சிலை நம்ம கோட்டை மியூசியத்துல இருக்கு, ஃப்ரெண்ட்ஸோட போய் பாத்துட்டு வா.)

இதுக்கு மேல தான் உனக்கு சிக்கல். அந்த டன்மோரே அடிமைங்கள வச்சிருந்த ஆளு, ராஜா பக்கம் நின்ன மொதலாளிங்களோட அடிமைங்களுக்கு விடுதலை கெடயாது. தோத்துட்டு 1783-ல கப்பலேறுனப்போ சுமார் 3000 கறுப்பு ஜனங்கள நியூயார்க்ல இருந்து நோவா ஸ்கோஷியாவுக்கு கூட்டிட்டு போனாங்க, அங்க வெள்ளக்காரனுக்கு நல்ல நெலம், இவங்களுக்கு பாறையும் பனியும், அதுவும் பாதி பேருக்கு கைக்கே வரல. தாங்க முடியாம 1792-ல அவங்கள்ல ஆயிரத்துக்கு மேல ஜனம் மறுபடி கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கே போயிட்டாங்க. தூரத்து எஜமான் கணக்கு இவ்ளோ தான் தங்கச்சி, அவனுக்கு தேவப்படற வரைக்கும் தராசு நேரா நிக்கும்.

நம்ம ஊரு கதைலயும் இதையே அம்பேத்கர் 1930-ல லண்டன் வட்டமேஜை மாநாட்டுல எழுந்து கேட்டாரு, அதே மாநாட்டுல ரெட்டமலை சீனிவாசனும் உக்காந்திருந்தாரு. பிரிட்டிஷ்காரன் வர்றதுக்கு முன்னாடி எங்களால ஊர் கெணத்துல தண்ணி எடுக்க முடியாது, கோயிலுக்குள்ள போக முடியாது, போலீஸ்ல சேர முடியாது, 150 வருஷம் ஆண்டீங்களே இப்ப முடியுதான்னு. அதே சீனிவாசன் 1924-ல மெட்ராஸ் சட்டசபைல தெருவும் கெணறும் எல்லாருக்கும் பொதுன்னு தீர்மானம் கொண்டாந்தாரு, அது கூட நம்மாளு கேட்டு வந்தது தானே.

எதிரணி கண்டிப்பா இந்த அம்பேத்கர் பாயிண்ட்ட எடுப்பாங்க. நீ பொய் சொல்லாம குடுக்கக்கூடிய ஒரே பதில், 'சரி, அவன் போனதும் கெணறு தெறந்துச்சா? 2022-ல வேங்கைவயல் தண்ணி டேங்க்ல என்ன கலந்தாங்க?' அவ்ளோ தான், கேட்டுட்டு உக்காந்துடு. அந்த பதில்லயும் ஓட்ட இருக்குன்னு எனக்கு தெரியும், வெள்ளக்காரன் காலத்துல சொத்து வச்சிருக்கிறவனுக்கும் வரி கட்றவனுக்கும் தான் ஓட்டு, மூட்டை தூக்குற உங்க தாத்தாவுக்கு ஓட்டு வந்தது 1951-52 தேர்தல்ல இருந்து எல்லாருக்கும்னு ஆனதால தான், வேங்கைவயலுக்கு பதில் சொல்லுன்னு கத்தறதுக்கு நமக்கு ஒரு வழி இருக்கு. என்ன கேட்டா 1893-ல சீனிவாசன் போட்ட கணக்கு சரி, அதே கணக்க 1947-லயும் போட முடியாது. ஆனா என்ன யாரும் ஜட்ஜா கூப்புடல, நீ உன் அணிக்கு பேசு.

இப்ப தாத்தா. 1942-ல பொறந்தாருன்னு எழுதியிருக்க. கொடி ஏத்துனப்போ அவருக்கு அஞ்சு வயசு. அப்ப அவரு பாத்த வெள்ளக்காரன் யாரு? யோசிச்சு பாரு, அது அவரு பாத்தது இல்ல, அவங்க அப்பா பாத்தது. நீ கடைசில போற போக்குல எழுதியிருக்கியே, 'புளியந்தோப்புல இருந்து பின்னி மில்லுக்கு'ன்னு, எனக்கு அந்த வரிய படிச்சதும் டக்குனு நிமிர்ந்து உக்காரணும்னு தோணுச்சு.

பின்னி மில்லுன்னு நாம சொல்ற அந்த பி அண்ட் சி மில்லு ஆளுங்களுக்காக தான் 1918 ஏப்ரல் 27-ல மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சாங்க, வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் எல்லாம் சேர்ந்து. உங்க நைனா மே தினத்துல பேசறாரே அந்த கதை. ஆனா 1921-ல நடந்த பெரிய ஸ்ட்ரைக்க அவரு எப்டி சொல்லுவாரு? ஆதிதிராவிடத் தொழிலாளிங்க நெறைய பேரு ஸ்ட்ரைக்ல சேரல, வேலைக்கு போனாங்க. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜாவும் அவங்க பக்கம் நின்னாரு. ஏன் போனாங்கன்னு பல பேரு பல காரணம் சொல்லுவாங்க, ஒரு வாரம் கூலி நின்னா அடுப்பு எரியாதுன்றது ஒண்ணு, ஸ்ட்ரைக்குன்னா தோழன், சாப்பாட்டுக்கு உக்காந்தா தனிப்பந்தின்ற கோவம் ஒண்ணு. அப்புறம் புளியந்தோப்புல கலவரம், குடிசைங்க எரிஞ்சுது, போலீஸ் துப்பாக்கி சூடு, ஆளுங்க செத்தாங்க, அக்டோபர்ல ஸ்ட்ரைக்கு தோத்து முடிஞ்சுது. அந்த சண்டை ஜஸ்டிஸ் கட்சியையே உள்ளுக்குள்ள ரெண்டாக்குச்சு. மில்லு மொதலாளி வெள்ளக்காரன், சுட்ட போலீஸும் வெள்ளக்காரன் சர்க்காரோடது, எரிச்ச கை மட்டும் பக்கத்து தெருக்காரன் கை. இத பாத்த ஒரு மனுஷன் தன் புள்ளைக்கு என்ன சொல்லிக்குடுத்திருப்பான்?

உங்க கொள்ளுத்தாத்தா எந்த பக்கம் நின்னாருன்னு நீ எழுதல, நானும் யூகிக்கல. ஒருவேள அவரு கேட்டுக்கு வெளியில கொடி புடிச்சவரா கூட இருக்கலாம், அப்ப தாத்தாவோட பேச்சுக்கு வேற கதை இருக்கும். எதுவா இருந்தாலும் அது துரோகம் இல்லம்மா. டிவி முன்னாடி உக்காந்து அவரு சொல்ற 'நாடு நாறுது' எனக்கும் புடிக்கல, அது சும்மா வயசானவங்க பொலம்பல், ஆனா அதுக்கு அடியில எங்கயோ ஒரு எரிஞ்ச வாசனை இருக்குன்னு எனக்கு தோணுது.

நைனாகிட்ட நீயே போய் பேசு, அவரு வர்ற வரைக்கும் காத்துட்டு இருக்காத. அவருக்கு ஒரு விஷயம் ஞாபகப்படுத்து: 1947 ஆகஸ்ட் 15 துக்க நாள்னு பெரியார் சொன்னாரு, இல்ல இன்ப நாள்னு அண்ணா சொன்னாரு, அதுக்கு மூணு வருஷம் முன்னாடி தான் சேலத்துல ரெண்டு பேரும் சேர்ந்து ஜஸ்டிஸ் கட்சிக்கு திராவிடர் கழகம்னு பேரே மாத்தி, வெள்ளக்காரன் குடுத்த சர் பட்டம், ராவ் பகதூர் பட்டம் எல்லாத்தையும் வுட்டுடணும்னு தீர்மானம் போட்டாங்க. அவ்ளோ நெருக்கமா இருந்தவங்களே அந்த ஒரு நாள பத்தி ரெண்டு விதமா பேசுனாங்க, அப்ப அவங்கள்ல யார துரோகின்னு சொல்றது? நைனாவுக்கு கோவம் தாத்தா மேல தான், சீட்டுல வந்த தலைப்புக்கு உன்ன ஏன் திட்டணும், நீ ஒரு டீ போட்டு குடுத்துட்டு பேச்ச ஆரம்பி, எழுதுனத படிச்சு காட்டி 'இதுல எங்க ஓட்ட இருக்கு சொல்லு'ன்னு கேளு. யூனியன்காரங்களுக்கு ஓட்ட கண்டுபுடிக்க சொன்னா வேற எதுவும் வேணாம்.

தாத்தாகிட்ட மட்டும் வெள்ளக்காரன் நல்லவனா கெட்டவனான்னு கேக்காத. சாயங்காலம் வெத்தல பாக்கு போடற நேரத்துல பக்கத்துல உக்காந்து, '21-ல மில்லு ஸ்ட்ரைக்கு நடந்தப்போ உங்க நைனா கேட்டுக்கு உள்ள இருந்தாரா வெளிய இருந்தாரா'ன்னு கேளு. என்ன சொன்னாருன்னு எனக்கு எழுது, பட்டிமன்றத்துல ஜெயிச்சியா தோத்தியான்னு அப்புறமா சொன்னா போதும்.