பல குரல், ஒரு பாட்டு

கேள்வி: எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சேர்ந்திசை கற்பிக்கிறேன். இத்துறையின் முன்னோடியான எம்.பி. சீனிவாசனைப் பற்றிக் கூற முடியுமா?
– இசை ஆசிரியை, கோத்தகிரி

பதில்: 1925இல் பிறந்து 1988இல் மறைந்த எம்.பி. சீனிவாசனை, 'பாதை தெரியுது பார்' (1960) படத்தின் இசையமைப்பாளராகவும், ஏசுதாஸைத் திரைக்கு அறிமுகப்படுத்தியவராகவும் பலர் அறிவர். திரையிசைக் கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் அமையவும் அவர் உழைத்தார். ஆயினும் அவருடைய பெரும்பணி சேர்ந்திசையே என்பது என் கருத்து. 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, பாரதியின் பாடல்களைப் பல குரல்களுக்கெனப் பிரித்து அமைத்தார். ஒற்றை மெட்டையே உயிராகக் கொண்ட நம் இசையில், வெவ்வேறு குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஸ்வரங்களைப் பாடியும் ராகத்தின் சாயல் கலையாமல் காப்பது எளிதன்று. அதை அவர் செய்து காட்டினார்.

நீலகிரித் தேவாலயங்களில் சோப்ரானோ, ஆல்டோ (பெண்களின் மேல், கீழ்க் குரல்கள்), டெனர், பேஸ் (ஆண்களின் மேல், கீழ்க் குரல்கள்) என நான்கு குரல்களில் பாடும் வழக்கம் உண்டு. அப்படிப் பாடிப் பழகிய பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால் அது பெரும் பேறு. முதலில் அனைவரும் மெட்டை ஒன்றாகப் பாடட்டும். பிறகு ஒரு பகுதியினர் ஆதார சுருதியைப் பிடித்து நிற்க, மற்றவர்கள் மெட்டைத் தொடரட்டும். இரண்டாவது குரலை அதன் பின்னரே சேருங்கள்.