"கர்த்தர் வேதத்தின் மூலம் என்னோடு பேசினார்" என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்களே, அது எப்படி? காதில் குரல் கேட்குமா?

குரல் கேட்காது. எனக்கு இதுவரை கேட்டதில்லை, எங்கள் சபையில் சாட்சி சொல்ல எழுந்து "கர்த்தர் என்னோட பேசினார்" என்று ஆரம்பிக்கிறவர்களிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், அநேகமாக அவர்களும் அதையேதான் சொல்வார்கள். வாசித்துக்கொண்டிருந்தேன், ஒரு வசனம் என்னைப் பிடித்துக்கொண்டது என்பார்கள். அது என்ன பிடிப்பு என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். என் அனுபவத்தில் ஒருமுறை தப்பாகப் புரிந்துகொண்டேன், ஒருமுறை சரியாக. இரண்டையும் சொல்கிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், வரிசையில் போய் ஆளுக்கு ஒன்று எடுப்போம். அந்த வருஷத்துக்கு அதுதான் உங்களுக்கான வசனம். நான் வேலையில்லாமல் இருந்த வருஷம் எனக்கு வந்தது எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து 29:11, அதாவது 29-ஆம் அதிகாரம், 11-ஆம் வசனம். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அப்போது ஒரு கம்பெனியில் கடைசிச் சுற்று இன்டர்வியூ முடித்திருந்தேன். வேறென்ன வேண்டும்? அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, வேலை கிடைத்தாயிற்று என்று அம்மாவிடமே சொல்லிவிட்டேன். ஜனவரி கடைசியில் 'வருந்துகிறோம்' என்று மெயில் வந்தது.

கர்த்தர் மேல் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆச்சியிடம் போய் அட்டையைக் காட்டிப் புலம்பினேன். ஆச்சி பெரிய எழுத்து வேதாகமத்தில் வரிக்கு அடியில் விரலை ஓட்டி, உரக்க வாசிக்கிறவள். அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அட்டைய மட்டும் பாக்காதல, அதிகாரத்தப் படி."

படித்தேன். அது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பிய கடிதம். எனக்கு வந்த வசனத்துக்கு நேர் முந்தின வசனம், பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் உங்களைத் திரும்பிவரப்பண்ணுவேன் என்கிறது. எழுபது வருஷம்! கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடிருக்க மாட்டார்கள். அதுவரை என்ன செய்வதாம்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டு போன பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். அதற்கு முந்தின 28-ஆம் அதிகாரம் இன்னும் சுவாரசியம். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னிலும் அறிவிக்கிறான். பொய்யை நம்பப்பண்ணுகிறாய் என்று எரேமியா அவன் முகத்துக்கு நேரே சொல்கிறார். நான் அட்டையில் எரேமியாவின் வசனத்தை வைத்துக்கொண்டு அனனியாவின் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதனால் அட்டை எடுக்கிறவர்களைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கும் வருஷா வருஷம் நானும் எடுக்கிறேன். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் ஊரிலுள்ள மொரேவிய சபையார் (ஒரு பழைய புராட்டஸ்டண்ட் சபை) சீட்டுப் போட்டு எடுத்த வசனங்களை ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 1731-லிருந்து புத்தகமாக வெளியிட்டு வருகிறார்கள், அதாவது இந்தப் பழக்கத்துக்கு நல்ல வயசு ஆகிறது. பழைய காலத்துத் திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீனார் கதையும் உண்டு. 386-இல் மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது "எடுத்து வாசி, எடுத்து வாசி" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையின் குரல் கேட்க, பவுலின் நிருபத்தைத் திறந்து கண்ணில் பட்டதை வாசித்தார், ரோமர் 13:13, 14. வாழ்க்கை திரும்பியது. ஆனால் அந்த வசனம் அவருக்கு எந்த நல்ல செய்தியும் சொல்லவில்லை. களியாட்டையும் காம விகாரத்தையும் விடு என்றது, எதை விட முடியாமல் அழுதாரோ அதையே. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

சரி, இரண்டாவது அனுபவம். அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவில் எனக்கும் அண்ணனுக்கும் மனஸ்தாபம். இரண்டு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. நான் அதிகம் போட்டேன், அவன் கணக்குக் கேட்டான், இவ்வளவுதான் விஷயம். ஒரு ஞாயிறு சுவிசேஷ பாகம் வாசிக்க ஐயர் என் பெயரைப் போட்டிருந்தார் (எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்போம்). மத்தேயு 5. சனிக்கிழமை இரவு தடுமாறாமல் வாசிக்க இரண்டு தடவை பழகியும் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் மைக் முன்னால் நின்று வாசித்துக்கொண்டே போகிறேன், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்" என்ற இடம் வந்தது. நாக்கு நின்றுவிட்டது.

சிறுவயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாகச் சொன்ன வசனம். ஆனால் இத்தனை நாளும் 'சகோதரன் மேல் உனக்குக் குறை இருந்தால்' என்றே மனசில் பதித்து வைத்திருந்திருக்கிறேன். குறை எனக்கு அவன் மேல் தானே இருந்தது, பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டால் முடிந்தது என்று இருந்தேன். எழுதியிருப்பதோ தலைகீழ். அவனுக்கு என்மேல் என்ன குறை? இரண்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மீதியை எப்படி வாசித்து முடித்தேன் என்று ஞாபகமில்லை, பின்னால் காணிக்கைப் பை வந்தபோது மேலும் சங்கடம், ஏனென்றால் வசனமே காணிக்கையை வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்றுதானே சொல்கிறது.

சாயங்காலம் போன் போட்டேன். "என்னல, இப்பத்தான் நம்பர் கெடச்சுதோ?" என்றான். என்மேல என்ன வருத்தம்ணே என்று கேட்டேன். சொன்னான், முக்கால் மணி நேரம் சொன்னான். பாதி நியாயம், பாதி இல்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பணக்கணக்கு அப்படியே கிடக்கிறது. ஆனால் பேசிக்கொள்கிறோம்.

"அது உங்கள் மனசாட்சி, கடவுள் இல்லை" என்று நீங்கள் சொல்லலாம். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. பரிசுத்த ஆவியானவர் வசனத்தை உணர்த்துகிறார் என்பது எங்கள் விசுவாசம், ஆய்வுக்கூட முடிவல்ல. ஒன்று மட்டும் சொல்வேன், அந்த இரண்டு வருஷமும் என் மனசாட்சி முழுக்க என் பக்கம்தான் பேசிக்கொண்டிருந்தது.

எனக்குப் பிடித்தமாதிரி ஒரு வசனம் வந்தால் இப்போதெல்லாம் கொஞ்சம் சந்தேகப்படுகிறேன். சாத்தானும் வசனம் சொன்னவன்தானே? தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் ஏந்துவார்கள் என்று 91-ஆம் சங்கீதத்தை எடுத்துவிட்டான், வார்த்தையில் பெரிய தப்பு இல்லை. அதற்கு இயேசு "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே" என்று இன்னொரு வசனத்தைப் பக்கத்தில் வைத்தார். அந்த 'என்றும்'-இல் உள்ள 'உம்'மைக் கவனியுங்கள். அதனால்தான் முன்னும் பின்னும் படிப்பது, புரியாவிட்டால் இன்னொருவரிடம் கேட்பது. அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசிக்கிறார், புரிகிறதா என்று சுவிசேஷகனான பிலிப்பு கேட்டால், ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்கிறார். அவ்வளவு பெரிய அதிகாரிக்கு அதைச் சொல்லக் கூச்சமில்லை. கத்தோலிக்க நண்பர்கள் திருப்பலியில் வாசகம் முடிந்ததும் "ஆண்டவரின் அருள்வாக்கு" என்பார்கள், எல்லாரும் சேர்ந்து "இறைவா, உமக்கு நன்றி" என்பார்கள். வாசிப்பது ஒருவர், கேட்பது கூட்டம்.

நீங்கள் விசுவாசியோ இல்லையோ, முயன்று பார்க்க நினைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்காதீர்கள். மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள், 16 அதிகாரம்தான், ஒரே மாலையில் முடிந்துவிடும். முடிந்தால் ஆச்சி மாதிரி உரக்க வாசியுங்கள்.