கண்டக்டர் தன் கைக்காசில் டிக்கெட் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. சென்னையில் மேற்கத்திய வயலின் கற்றுக்கொடுக்கிறேன். இரண்டு தனியார் பள்ளிகளில் பகுதிநேர வேலை. ஒன்றில் 18,000, மற்றொன்றில் 12,000 ரூபாய். மாலை வகுப்புகள், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுக்குத் தயார் செய்வது எல்லாம் சேர்த்து மாதம் 55,000 வரும். பள்ளி விடுமுறையான இரண்டு மாதங்கள் ஏறக்குறைய ஒன்றும் வராது. மனைவி 28,000 சம்பாதிக்கிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு. வாடகை வீடு. ஆறு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் 24 பிள்ளைகளை வைத்து ஒரு சிறுவர் ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறேன். மாதம் 300 ரூபாய் வாங்குகிறேன். ஆறு பேரிடம் அதுவும் வாங்குவதில்லை. எங்களிடம் ஒரே ஒரு செல்லோ (உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வயலின் போன்ற கருவி) இருக்கிறது. அதைவிடப் பெரிய டபுள் பாஸ் இல்லை. பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் 6.4 லட்சமும் வங்கி வைப்பில் 2 லட்சமும் இருக்கின்றன. பி.பி.எஃபிலிருந்து 4 லட்சம், மனைவியின் நகையை வைத்து 2 லட்சம் எடுத்துக் கருவிகள் வாங்கி, வெனிசுவேலாவில் பிள்ளைகளுக்கு இலவசமாக இசை கற்றுத்தரும் எல் சிஸ்டெமா திட்டம் போல முழுக்க இலவசமாக நடத்த விரும்புகிறேன். கருவிகள் இருந்தால் நன்கொடை தானாக வரும் என்று நம்புகிறேன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். நகையைத் தொடவே வேண்டாம். ஆனால் ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ஒத்திகைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மின்விசிறிக் காற்றில் இசைத்தாள் பறக்காமலிருக்க ஒவ்வொரு ஸ்டாண்டிலும் துணி உலர்த்தும் கிளிப் மாட்டியிருக்கிறீர்கள். டைல்ஸ் தரையில் செல்லோவின் கால் வழுக்காதிருக்க அதன் கீழே ஒரு தேங்காய்நார் மிதியடி. இத்தனை சிக்கனமாக நடத்தத் தெரிந்த ஒருவர் 6 லட்சத்தை ஒரே வீச்சில் இறக்கத் துணிவது எனக்கு வியப்பாக இருக்கிறது.

பஸ்ஸில் இருப்பவரும் கண்டக்டர், ஆர்கெஸ்ட்ராவின் முன்னால் நிற்பவரும் கண்டக்டர். முன்னவர் காசு வாங்காமல் ஏற்றமாட்டார். நீங்களோ எல்லோருக்கும் சேர்த்து உங்கள் சட்டைப்பையிலிருந்து டிக்கெட் எடுக்கிறீர்கள். உங்கள் பையும் ஆர்கெஸ்ட்ராவின் பையும் ஒன்றாகக் கிடப்பதுதான் இங்கே உள்ள கோளாறு. இரண்டையும் பிரித்துவிட்டால் மற்றதெல்லாம் கணக்கு.

முதலில் உங்கள் பை. மாதம் 55,000 என்கிறீர்கள். பத்து மாதந்தான் வருகிறது என்றால் ஆண்டுக்கு 5.5 லட்சம், பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 45,800. வீட்டுச் செலவை இந்தத் தொகைக்குள் திட்டமிடுங்கள். வங்கியிலிருக்கும் 2 லட்சம் உங்கள் விடுமுறைக் காலச் சம்பளம். அது செல்லோ வாங்குவதற்கு உரியதல்ல.

பி.பி.எஃபில் நீங்கள் நினைக்கிற 4 லட்சத்தை எடுக்கவே முடியாது. முதிர்வுக்கு முன் பகுதித் தொகை எடுப்பதென்றால், நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய நிதியாண்டின் முடிவில் இருந்த இருப்பு, சென்ற நிதியாண்டின் முடிவில் இருந்த இருப்பு, இவற்றில் எது குறைவோ அதில் பாதிதான் கிடைக்கும். அன்று 3.5 லட்சம் இருந்திருந்தால் கைக்கு வருவது 1.75 லட்சம். அதையும் எடுக்காதீர்கள். உங்களுக்குப் பள்ளி வழியாக வருங்கால வைப்பு நிதி (இ.பி.எஃப்.) இல்லை, ஓய்வூதியம் இல்லை; முதுமைக்கு என்று இருப்பது இந்த ஒரு கணக்கு. இப்போதைய 7.1 சதவீத வட்டி நீடித்து, 15 ஆண்டு முடிந்தபின் ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டித்துக்கொண்டே போனால், இன்றைய 1.75 லட்சம் உங்கள் 60 வயதில் ஏறத்தாழ 5.25 லட்சம். இந்தக் கணக்கை நீதிமன்றம்கூடக் கடனுக்காக முடக்க முடியாது. நீங்களே ஏன் முடக்குகிறீர்கள்?

கையில் வரவேண்டிய பணம் ஒன்று வராமல் கிடக்கிறதா என்றும் பாருங்கள். பகுதிநேர ஆசிரியர்களுக்குப் பல பள்ளிகள் சம்பளம் என்று தராமல் தொழில்முறைக் கட்டணம் என்று எழுதி, 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமானவரி) பிடித்துக்கொண்டு தருகின்றன. உங்கள் விஷயத்திலும் அப்படியென்றால் மாதம் 3,000, ஆண்டுக்கு 30,000 ரூபாய். புதிய வரி முறையில் உங்கள் வருமானத்துக்கு வரியே இல்லை. வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அந்த 30,000 முழுவதும் திரும்பி வரும். செய்யாவிட்டால் அரசாங்கத்துக்கு நன்கொடை. வருமானவரி இணையதளத்தில் உங்கள் பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26 ஏ.எஸ். படிவத்தைத் திறந்தால் விடை தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பியானோ ஆசிரியர் எட்டு ஆண்டு இப்படி விட்டுவைத்திருந்தார். பழைய ஆண்டுகளுக்குக் காலம் கடந்துவிட்டது.

வந்த பணத்தில் முதல் செலவு, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் உங்கள் பேரில் ஒரு டேர்ம் பாலிசியும் (காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு). தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜி.எஸ்.டி. இல்லை. கூடவே ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடும் எடுங்கள். வயலின் ஆசிரியருக்கு இடது கை விரல்கள்தான் கடை. விரல் முறிந்தால் கடை மூடல்.

இனி ஆர்கெஸ்ட்ராவின் பை. எல் சிஸ்டெமாவைச் சொன்னீர்கள், நல்லது. அதை 1975இல் தொடங்கிய ஹோசே அந்தோனியோ அப்ரேயு இசைக்கலைஞர் மட்டுமல்லர், பொருளாதாரம் படித்தவர். கரகாஸில் ஒரு கார் கொட்டகையில் நடந்த முதல் ஒத்திகைக்கு வந்தவர்கள் 11 பேர். அவர் செய்த கெட்டிக்காரத்தனம், இதைச் சமூக நலத் திட்டமாக எடுத்துச் சொல்லி, அடுத்தடுத்து வந்த அரசுகளையெல்லாம் பணம் கொடுக்க வைத்தது. குஸ்தாவோ டுடமேல் போன்ற நடத்துனர் உருவானது அந்தப் பணத்தில். இங்கே சென்னையிலேயே கே.எம். இசைக் கல்லூரியின் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் இலவசமாகக் கற்கிறார்கள், பின்னால் ஏ.ஆர். ரஹ்மான் அறக்கட்டளை நிற்கிறது. பிள்ளைகளுக்கு இலவசம் என்றால் வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று பொருள். உங்கள் திட்டத்தில் அந்த யாரோ உங்கள் மனைவியின் வளையல்.

நன்கொடை தானாக வரும் என்பதும் நடக்காது. எந்த நிறுவனமும் தன் சமூகப் பொறுப்பு நிதியை (சி.எஸ்.ஆர்.) ஒரு தனிமனிதரின் சேமிப்புக் கணக்கில் போடாது. அறக்கட்டளை அல்லது சங்கம் பதிவாகியிருக்க வேண்டும், வருமானவரித் துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவுகள் வேண்டும், அதன்மேல் அந்த நிதியைப் பெறப் பதிவு செய்யும் சி.எஸ்.ஆர். 1 படிவம், அதோடு குறைந்தது மூன்று ஆண்டு இதே பணியைச் செய்த அனுபவம். தமிழ்நாட்டில் சங்கமாகப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். பெற்றோர்களில் ஒரு வங்கி ஊழியரோ ஆடிட்டரோ இல்லாமலா போவார்? அவரைப் பொருளாளராக்குங்கள். கையெழுத்து இருவருடையதாக இருக்கட்டும்.

அடுத்து கட்டணம். இதைச் சொன்னால் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று தெரியும். ஞாயிறு ஒத்திகை மூன்று மணி நேரம் என்று வைத்தால் மாதம் 12 மணி நேரம். 300 ரூபாய் என்பது மணிக்கு 25 ரூபாய். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிக்க ஆளில்லாவிட்டால் அந்தப் பகுதியை மூன்றாம் வயலினுக்கு மாற்றி எழுதி, 24 பேருக்கும் நகலெடுக்கும் இரவு வேலை இதில் சேரவில்லை. கொடுக்க முடிந்த 18 பேரிடம் 800 வாங்குங்கள். முடியாத ஆறு பேருக்கு இலவசம் தொடரட்டும். யார் அந்த ஆறு பேர் என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். மாதம் 14,400 வரும். அதில் 7,000 நடத்துனர் சம்பளமாக உங்களுக்கு, எழுத்தில், ரசீதோடு. தந்தி மாற்ற, வில்லுக்கு முடி போட, சாய்ந்த குதிரையை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) நிமிர்த்த 2,400. மீதி 5,000 கருவி நிதி. பத்து மாதத்தில் 50,000. மாணவர் தரத்தில் ஆண்டுக்கொரு செல்லோ அதில் அடங்கும். அந்தச் செல்லோவை வீட்டுக்கு எடுத்துப்போகும் பிள்ளையிடம் முன்பணமும் சிறு வாடகையும் வாங்குங்கள். வாடகை கொடுத்த பொருளை யாரும் காரின் டிக்கியில் வெயிலில் விடுவதில்லை. டபுள் பாஸ் பிறகு வரும். அதுவரை செல்லோவே கீழ்ச்சுரத்தைத் தாங்கட்டும்.

வயலின் எதையும் விலைக்கு வாங்காதீர்கள். பிள்ளை வளர வளரக் கால் அளவு, அரை அளவு, முக்கால் அளவு என்று மாறிக்கொண்டே போகும் கருவி அது. சிறிதாகிப்போனவை உங்கள் பழைய மாணவர்களின் வீட்டில் பீரோவின் மேல் தூங்குகின்றன. இந்த ஞாயிறே வாட்ஸாப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள்: சிறிதாகிவிட்ட வயலின்களை ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுங்கள், பிள்ளையின் பெயரைப் பெட்டியில் எழுதி வைக்கிறோம் என்று.

என் மகன் இரண்டாம் கிரேடோடு நிறுத்திவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். பரணில் ஒரு அரை அளவு வயலின் இருக்கிறது. தந்தியை முறுக்கும் பிருடைகளில் இரண்டு இறுகிக் கிடக்கின்றன, வில்லில் பாதி முடி இல்லை. பொருளாளரைத் தேர்ந்தெடுத்ததும் எழுதுங்கள், ரசீது போட்டு வாங்கிக்கொள்ளலாம்.