ஆதிப்புள்ளியை விடுதி வாசலுக்குக் கொண்டுவாருங்கள்

கேள்வி: கட்டடக்கலை இறுதியாண்டு மாணவி நான். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் பேண்டம் ரான்ச் விடுதியை ஆய்வுத் திட்டத்துக்காக ஸ்கெட்ச்அப் என்னும் முப்பரிமாண வரைவு மென்பொருளில் மாதிரியாக உருவாக்கி வருகிறேன். அந்த இடத்தின் சமவுயரக் கோட்டு வரைபடத்தை டிஎக்ஸ்எஃப் என்னும் வரைபடக் கோப்பாக உள்ளே கொண்டுவந்த நாள் முதல் மாதிரி திரையில் நடுங்குகிறது. நிழல்கள் கிழிந்து தெரிகின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் சுவர் பாதியில் வெட்டுப்பட்டு மறைகிறது. சில இடங்களில் கோடுகளை மூடினாலும் அவற்றுக்குள் முகம், அதாவது பரப்பு, உருவாவதில்லை. ஜூன் மூன்றாம் வாரத்தில் இரண்டு இரவு அங்கே தங்க இடம் கிடைத்திருக்கிறது. மடிக்கணினியை எடுத்துச் சென்று அங்கேயே சரிசெய்யலாமா?

பதில்: மடிக்கணினியைக் கீழே கொண்டுபோகாதீர்கள். உங்கள் மாதிரியின் கோளாறைப் புறப்படும் முன் ஒரே மாலையில் தீர்த்துவிடலாம். கீழே கிடைக்கப்போகும் இரண்டு நாளும் அளப்பதற்கே போதாது. அங்கே தங்க இடம் கிடைப்பதே குலுக்கல் முறையில்தான். அதற்குப் பதினைந்து மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அப்படிக் கிடைத்த நேரத்தைத் திரையைப் பார்த்துக் கழிக்க வேண்டாம்.

முதலில் நடுக்கம். உங்கள் சமவுயரக் கோடுகள் யூ.டி.எம். ஆயத்தொலைவுகளில் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடங்களை மீட்டரில் குறிக்கும் முறை) இருக்கின்றன என்று நினைக்கிறேன்; நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அத்தனையும் அதைத்தான் காட்டுகின்றன. பேண்டம் ரான்ச் இருப்பது யூ.டி.எம். 12ஆம் மண்டலத்தின் வடபகுதியில். அங்கே வடக்கு ஆயத்தொலைவு ஏறத்தாழ 40 லட்சம் மீட்டர், கிழக்கு ஆயத்தொலைவு ஏறத்தாழ 4 லட்சம் மீட்டர். அதாவது உங்கள் விடுதி, மென்பொருளின் ஆதிப்புள்ளியிலிருந்து, அதாவது எல்லா அளவும் தொடங்கும் பூஜ்யப் புள்ளியிலிருந்து, நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது.

இதில் என்ன கெடுகிறது? திரையில் படம் வரையும் கிராஃபிக்ஸ் அட்டை பெரும்பாலும் 32 பிட் ஒற்றைத் துல்லிய எண்களைக் கொண்டு வேலை செய்கிறது. அந்த எண்ணால் ஏறத்தாழ ஏழு இலக்கங்களைத்தான் நம்பகமாகத் தாங்க முடியும். 40 லட்சம் மீட்டர் தொலைவில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 25 சென்டிமீட்டர். கதவுச் சட்டத்தின் அகலம் 10 சென்டிமீட்டர் என்றால், அதன் இரண்டு விளிம்பும் ஒரே இடத்தில் போய் விழலாம், அல்லது 25 சென்டிமீட்டர் விலகி நிற்கலாம். காட்சியைச் சுழற்றும் ஒவ்வொரு முறையும் அந்தத் தேர்வு மாறுகிறது. நீங்கள் காணும் நடுக்கம் அதுதான். நிழலின் கிழிசலுக்கும் வேர் இதுவே. கோப்பில் உள்ள எண்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும் என்பது ஆறுதல்.

பலரும் இங்கே ஒரு தவறான வழியில் இறங்குகிறார்கள். அச்சுக் கருவியை எடுத்து அச்சுகளை விடுதிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைப்பார்கள். திரையில் ஆதிப்புள்ளி வந்துவிட்டதுபோல் தோன்றும். நடுக்கம் அப்படியே இருக்கும். அந்தக் கருவி நீங்கள் வரையும் அச்சுகளைத்தான் மாற்றுகிறது, மென்பொருளின் உள் ஆதிப்புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நகர வேண்டியது மாதிரி. நானும் ஒரு காலத்தில் அச்சுகளை நகர்த்திவிட்டு இரண்டு நாள் அட்டையின் இயக்கியைக் குறைசொல்லிக்கொண்டிருந்தவன்தான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

புதிய கோப்பு ஒன்றைத் திறந்து முதலிலிருந்து கொண்டுவருவதே நல்லது. ஆதிப்புள்ளிக்கு வெகுதொலைவில் வரைந்த வடிவங்களில் ஏற்கெனவே சிதைந்தவை, நகர்த்திய பிறகு தாமாகச் சரியாகிவிடாது. டிஎக்ஸ்எஃப் கோப்பை கேட் (CAD) என்னும் கணினி வரைவு மென்பொருளில் திறந்து, விடுதிக்கு அருகில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். உணவுக்கூடத்தின் வாசற்படி மூலை என்று வைத்துக்கொள்வோம். அதன் கிழக்கு, வடக்கு ஆயத்தொலைவுகளையும் கடல்மட்ட உயரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வரைபடம் முழுவதையும் அந்தப் புள்ளி பூஜ்யத்தில் வரும்படி நகர்த்துங்கள். பிறகு ஸ்கெட்ச்அப்பில் சேருங்கள். மூல ஆதிப்புள்ளியைக் காப்பாற்று என்னும் தெரிவு இறக்குமதிச் சாளரத்தில் இருக்கும். நகர்த்திய கோப்புக்கு அது இருக்கட்டும். நகர்த்தாத கோப்புக்கு அதை எடுத்துவிடுங்கள். உயரத்தையும் வாசற்படியில் பூஜ்யமாக வைப்பதையே நான் விரும்புவேன். விடுதியின் உயரம் சுமார் 750 மீட்டர். அந்த எண்ணால் துல்லியம் கெடாது, ஆனால் கையால் எடுக்கும் அளவுகளை ஒவ்வொரு முறையும் கூட்டிக் கழிக்க வேண்டியிருக்கும்.

எழுதிவைத்த அந்த மூன்று எண்களைத் தொலைத்துவிடாதீர்கள். மாதிரிக்குள்ளேயே ஒரு உரைக்குறிப்பாக ஒட்டிவையுங்கள்.

சுவர் வெட்டுப்படுவதற்கு வேறொரு காரணமும் உடன் சேர்ந்திருக்கலாம். ஐந்து கிலோமீட்டர் நிலப்பரப்பும் கதவின் கைப்பிடியும் ஒரே காட்சியில் இருந்தால், அருகையும் தொலைவையும் ஒரே அளவுகோலில் பிரித்துக்காட்ட மென்பொருள் திணறும். வேலை செய்யும்போது நிலப்பரப்பின் குறிச்சொல்லை (டேக்) அணைத்து அதை மறைத்துவையுங்கள். மாதிரி முழுவதையும் காட்டும் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். விடுதி ஒரு புள்ளியாகச் சுருங்கினால், எங்கோ தொலைவில் தவறிவிழுந்த ஒரு கோட்டுத்துண்டு இருக்கிறது என்று பொருள். அதைத் தேடி அழியுங்கள்.

முகம் உருவாகாத சிக்கலைப் பார்ப்போம். ஸ்கெட்ச்அப்புக்கு மிகச் சிறிய விளிம்புகள் ஒத்துவராது. ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் நெருங்கிவிட்ட இரண்டு புள்ளிகளை அது ஒன்றாகவே கருதிவிடும். கைப்பிடி, கீல் போன்ற நுண்பாகங்களைக் கூறாக (காம்பொனென்ட்: ஒரு பிரதியைத் திருத்தினால் எல்லாப் பிரதியும் மாறும்) மாற்றி, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிய பிரதியில் திருத்திவிட்டு அந்தப் பிரதியை அழித்துவிடுங்கள்; மூலம் திருந்தியிருக்கும். பெரிய முகங்கள் மூடவில்லை என்றால் நான்கு மூலைகளும் ஒரே தளத்தில் இல்லை. ஒரு மூலைவிட்டம் போட்டுப் பாருங்கள். இரண்டு முக்கோணமாக மூடிக்கொண்டால் சந்தேகம் தீர்ந்தது.

கல்சுவரைக் கல் கல்லாக வரைய முயல்கிறீர்களோ என்று ஒரு ஐயம். வேண்டாம். கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் 1922இல் அந்த விடுதியை அமைத்தபோது சுவருக்கான கல்லை அங்கேயே எடுத்துக்கொண்டார். மற்ற பொருள்களெல்லாம் கோவேறு கழுதைகளின் முதுகில் இறங்க வேண்டியிருந்தது. ஒழுங்கற்ற அந்தக் கற்களின் அழகு அடுக்கிலும் நிறத்திலும் இருக்கிறது. நேருக்கு நேர் எடுத்த ஒரு நல்ல புகைப்படத்தைச் சுவர்முகத்தில் ஒட்டி, மூலைகளிலும் புகைபோக்கியிலும் மட்டும் சில கற்களைத் துருத்தவிடுங்கள். மாதிரி கனக்காது, சுவரும் சுவராகத் தெரியும்.

நிலப்பரப்புக்கும் இதே அறிவுரைதான். ஒரு மீட்டர் இடைவெளியில் ஒரு சதுர கிலோமீட்டரை எடுத்தால் பத்து லட்சம் புள்ளிகள், ஏறத்தாழ இருபது லட்சம் முக்கோணங்கள். ஸ்கெட்ச்அப் அங்கேயே படுத்துவிடும். விடுதியைச் சுற்றி நூறு மீட்டருக்கு நுணுக்கமாகவும், மற்ற இடங்களுக்கு அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் 10 மீட்டர் உயரத் தரவும் போதும். தொலைவிலுள்ள பாறைச்சுவர் உங்களுக்குத் தேவைப்படுவது, காலையில் எப்போது வெயில் விழுகிறது, மாலையில் எப்போது மறைகிறது என்று காண்பதற்கே.

ரெவிட் என்னும் மற்றொரு கட்டட வரைவு மென்பொருளுக்கு மாறலாமா என்றும் யோசிப்பீர்கள். மாறினாலும் இதே கதைதான்: உள் ஆதிப்புள்ளியிலிருந்து 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர் ஆரத்தைத் தாண்டினால் அது எச்சரிக்கும். அங்கே மையத்துக்கு மையம் பொருத்தி இணைத்துவிட்டு, இணைப்பிலிருந்து ஆயத்தொலைவுகளைப் பெறும் கட்டளையைப் பயன்படுத்துவது வழி.

இனி பயணம். பேண்டம் ரான்ச்சுக்குச் சாலை கிடையாது. நடந்தோ, கோவேறு கழுதையிலோ, கொலராடோ ஆற்றில் படகிலோதான் போக முடியும். தெற்கு விளிம்பிலிருந்து சவுத் கைபாப் பாதையில் இறங்கினால் ஏறத்தாழ 11 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 1,450 மீட்டர் சரிவு. வழியில் குடிநீர் இல்லை. ஜூனில் ஆற்றங்கரையின் பகல் உச்சம் சராசரியாக 38 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலும் போகும். காலை பத்து மணிக்கும் மாலை நான்குக்கும் இடையே நடக்காதீர்கள் என்று பூங்காக் காவலர்கள் சொல்வதை அப்படியே பின்பற்றுங்கள். விடியும் முன்பே இறங்கத் தொடங்குங்கள். திரும்பும்போது பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏறுங்கள். நீளம் கூடுதல், ஆனால் குடிநீர் நிலையங்கள் இருக்கின்றன. பள்ளத்தாக்கைக் கடந்துவரும் குடிநீர்க் குழாய் பழையது, அடிக்கடி உடைவது. புறப்படும் வாரத்திலும், முதல் நாள் மாலையிலும் எந்த நிலையத்தில் நீர் வருகிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பூங்கா அறிவிப்பைப் பாருங்கள். உணவுக்கூடத்தில் சாப்பாட்டுக்கும் முன்பதிவு வேண்டும்.

பெரும்பாலான மடிக்கணினிகள் 35 டிகிரி வரையான சூழலுக்கு என்றே வடிவமைக்கப்பட்டவை. கீழே கைப்பேசிச் சிக்னலும் இல்லை. ஸ்கெட்ச்அப்பின் உலாவியில் இயங்கும் பதிப்பு திறக்கவே திறக்காது. கோவேறு கழுதைகள் சுமந்துவரும் மூட்டைச் சேவை உண்டு, 30 பவுண்டு, அதாவது 13.6 கிலோ வரை. அதில் மாற்றுடையை அனுப்புங்கள், மின்னணுக் கருவியை அனுப்பாதீர்கள். பறக்கும் கேமராவையும் மறந்துவிடுங்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் அதற்குத் தடை.

எடுத்துச் செல்ல வேண்டியவை சில: நாடா, லேசர் அளவுகோல், கட்டம்போட்ட நோட்டு, பென்சில், கேமரா, மாற்று மின்கலங்கள். கைப்பேசியின் ஜிபிஎஸ் எண்ணை அளவாக நம்பாதீர்கள். உயர்ந்த பாறைச்சுவர்கள் வானத்தின் பெரும்பகுதியை மறைக்கின்றன, சிக்னலும் பாறையில் பட்டுத் திரும்புகிறது. உங்களுக்கு அந்த எண் தேவையும் இல்லை: மாதிரியின் பூஜ்யம் எந்த வாசற்படி மூலையோ, அங்கிருந்தே எல்லாவற்றையும் அளக்கத் தொடங்குங்கள். மூலையிலிருந்து நேராக ஓர் அடிக்கோடு பிடித்து, அதன் இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு கட்டட மூலைக்கும் தொலைவு எடுத்தால் முக்கோணம் தானே பூட்டிக்கொள்ளும். அறைகளுக்கு மூலைவிட்டங்களையும் எடுங்கள். வெயிலில் லேசரின் சிவப்புப் புள்ளி தெரியாது; அதிகாலையும் அந்தியும்தான் அதற்கு நேரம். மற்றவர்கள் தங்கியிருக்கும் குடில்களை வெளியிலிருந்து அளப்பதற்குக்கூட ஊழியர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புகைப்படத்தை வைத்து மாதிரியைப் பொருத்தும் வசதியைப் பயன்படுத்துவதாக இருந்தால், அகலக்கோண வில்லை வேண்டாம், எடுத்த படத்தை வெட்டவும் வேண்டாம். இணைகோடுகள் தொலைவில் சந்திப்பதுபோல் தோன்றும் மறைபுள்ளியின் கணக்கு படத்தின் நடுவை நம்பியிருக்கிறது. உருண்டைக் கற்களில் நேர்கோடு கிடைக்காது. கூரை விளிம்பிலும் கதவு நிலையிலும் கோடுகளைப் பிடியுங்கள்.

திசையை விட்டுவிட்டால் நிழல் ஆய்வு முழுவதும் பாழாகும். அங்கே காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து சுமார் 10 டிகிரி கிழக்கே விலகும். யூ.டி.எம். கட்டத்தின் வடக்கும் உண்மை வடக்கும் ஏறத்தாழ 0.65 டிகிரி வேறுபடும். நூறு மீட்டரில் அது ஒரு மீட்டருக்கு மேல். சங்கு, அதாவது நிழல் காட்டும் குச்சி, நட்டுத் திசை காணும் பழைய முறையே எனக்குப் பிடித்தது. ஒரு மீட்டர் உயரக் குச்சியைச் செங்குத்தாக நட்டு, அடியைச் சுற்றி 60 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். நிழலின் நுனி காலை 10:20 அளவில் வட்டத்துக்குள் நுழையும், பிற்பகல் 2:40 அளவில் வெளியேறும். அந்த இரண்டு புள்ளிகளையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. குறித்துவிட்டு உடனே நிழலுக்குப் போய்விடுங்கள். முடிந்ததும் வட்டத்தைக் கலைத்துவிடுங்கள்.

அந்த வாரத்தில் நண்பகல் உச்சம் கடிகாரப்படி 12:30ஐ ஒட்டி வரும். அப்போது அதே குச்சியின் நிழல் சுமார் 22, 23 சென்டிமீட்டர் இருக்கும். ஸ்கெட்ச்அப்பில் ஒரு மீட்டர் கம்பத்தை வைத்து அதே நாள், அதே நேரம் கொடுத்துப் பாருங்கள். உச்சம் 1:30க்கு வந்தால் நேர மண்டலம் தவறு. அரிசோனாவில் நவஹோ நிலப்பகுதி தவிர மற்ற இடங்களில் கோடைக்காலக் கடிகார மாற்றம் இல்லை. பூங்காவும் ஆண்டு முழுவதும் உலகப் பொது நேரத்துக்கு ஏழு மணி நேரம் பின்தங்கியே இருக்கிறது. நேர மண்டலத்தில் மைனஸ் 7 என்று கொடுங்கள்.